தோன்றா எழுவாய்

மோந்த்ரேய், நாலாவது மாடி. லிஃப்ட் பழுது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை,
காற்புள்ளிகளை மட்டும் ரொட்டித்தூள் மாதிரி
உதிர்த்துவிட்டுப் போயிருந்தார் எர்வே த்ரூசார்.
மெய்ப்பு பார்ப்பது என் பிழைப்பு.
இருபத்தாறு வருடமாகப் பிறர் வாக்கியங்களுக்குப்
பொத்தான் போட்டுவிடுகிறேன்.

முதல் தாளில் ஒட்டுச்சீட்டு:
"புள்ளி வைக்காதீர்கள், மதாம் வாஸ்லே,
அந்த இரவு இன்னும் முடியவில்லை."
சிரிப்பு வந்தது. இப்போது எல்லோரும் இப்படித்தான்.
இலக்கணத்தை உடைத்தால் சரித்திரம் கசியும் என்றொரு நம்பிக்கை.

நடுவில் ஒரு காவலரின் குறிப்பேடு,
அக்டோபர் பதினேழு, அறுபத்தொன்று,
கூட்டம் கலைக்கப்பட்டது, பாலம் காலியாக்கப்பட்டது,
காலணிகள் அப்புறப்படுத்தப்பட்டன,
பட்டது, பட்டது, பட்டன.
கை எங்கே?
ஸேன் நதி தானே கரையேறி வந்து
அல்ஜீரியர்களைக் குடித்துவிட்டுப் போனதா?

எங்கள் மொழியில் 'ஓன்' என்று ஒரு சொல்.
யாரோ என்றும் பொருள், நாம் என்றும் பொருள்.
வாசலில் தொங்கும் பொதுக் கோட்டு அது.
போலீஸ்காரர் மாட்டிக்கொண்டார், அமைச்சர் மாட்டிக்கொண்டார்,
மறுநாள் காலை அந்தப் பாலத்தின் மேல் வேலைக்கு நடந்த
என் அம்மாவும்தான்:
"ஓன் எதையும் பார்க்கவில்லை."

நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து த்ரூசார்
ஒவ்வொரு வினையையும் புரட்டிப் போடுகிறார்,
மீன்காரி செதிள் பார்க்கப் புரட்டுவது போல,
கறுப்புக் கையுறை அடித்தது,
ஆறாம் எண் தொப்பி விசில் ஊதியது,
இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள்,
பிறகு, தலையில்லாமல் ஒரு வரி:
பாலத்துச் சுவரைப் பற்றிய கையை
விரல் விரலாகப் பிரித்தல்,

பிரித்தல்.
தொழிற்பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டது வினை.
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டேன்: யார்?
இலக்கணக் கேள்விதான். சத்தியமாக.

பதினோரு நாள் பதில் இல்லை.
பன்னிரண்டாம் நாள் தாள் வந்தது,
என் 'யார்' மேல் காபிக் கறை,
பக்கத்தில் பென்சிலில், பள்ளிப்பிள்ளை எழுதியது போல அழுத்தி,
அப்பா.
ஆமாம், புள்ளியோடு.

அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள்:
புத்தகம் முழுக்க இல்லாத புள்ளி இங்கே மட்டும்,
பிழைதானே, எடுத்துவிடலாமா?
இருக்கட்டும் என்றேன்.
பின்னால் என்ன சத்தம் என்று கேட்டான் பையன்.
லிஃப்ட் பழுதுபார்க்கப்படுகிறது
என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.
படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன்.
நீலச் சட்டை, முழங்கை வரை எண்ணெய்.
பெயரை இன்னும் கேட்கவில்லை.