இருபத்திரண்டு விநாடி

வியாழக்கிழமை பெட்டி வந்தது.
மூன்றடி நீளம், தூக்கினால் பூனைக் கனம்.
உள்ளே கறுப்பாய், மடித்து வைத்த ஓர் ஆள்.
தலை இல்லை. பாதம் இல்லை.
மார்பில் மட்டும் கம்பெனியின் பெயர்,
வெள்ளை எழுத்தில், என் உள்ளங்கை அகலம்.

கூடவே ஒரு தாள்:
மாதம் நான்கு படங்கள்,
பெயர் மறையாமல், முகம் சுளிக்காமல்.
பருவம் முடிந்ததும் உடுப்பைத் திருப்பி அனுப்பவும்.
கிழிசலுக்கு நீங்களே பொறுப்பு.

கோல்டிங் நகரில் நாலாம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்த்து
போன வருடம் என் வயதுப் பெண்கள் அறுபது பேரில்
ஐம்பத்து நான்காவது.
என்னை எதற்குப் பிடித்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன்.
ரிக்கெ என்று பேர், பொய் சொல்லப் பழகாதவள்:
"ஜெயிக்கிறவர்கள் சொன்னால் யாரும் நம்புவதில்லை.
உங்களைப் பார்த்தால் நம்புவார்கள்."
நன்றி சொன்னேன்.
வைத்த பிறகுதான் எதற்கு என்று யோசித்தேன்.

ஏப்ரல். ஃபியோர்டில் தண்ணீர் ஒன்பது டிகிரி.
கார் நிறுத்துமிடத்தில், காலில் ரொட்டிப் பை மாட்டி,
நகம் படாதிருக்கக் கம்பளிக் கையுறை போட்டு
அங்குலம் அங்குலமாக ஏற்றினேன்.
கணுக்கால். முழங்கால்.
தொடையில் ஒரு நீண்ட பேச்சுவார்த்தை.
தூரா முதுகுப் பக்கம் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு
"மூச்சை விடு, இன்னும் விடு,
கிறிஸ்துமஸுக்குத் தின்றதையும் சேர்த்து விடு" என்றாள்.
பத்தொன்பது நிமிடம்.
நாயோடு வந்த ஒருவர் முழுசாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.
நாயும்.

தண்ணீருக்குள் போனதும்
என் கால்கள் மேலே வந்தன.
இத்தனை காலம் நங்கூரம் போலப் பின்னால் தொங்கியவை,
யாரோ கீழிருந்து ஏந்திக்கொண்டாற்போல்.
மிதவையிலிருந்து மிதவைக்கு நானூறு மீட்டர்.
கரையில் தூரா கடிகாரத்தை உயர்த்திக் கத்தினாள்:
இருபத்திரண்டு விநாடி குறைவு!

யாருடையது அந்த இருபத்திரண்டு?
ஒருநாளும் கூடுதலாக விடியலில் எழவில்லை,
ஓய்வறையில் ஒரு கேக்கை மறுக்கவில்லை.
ரப்பர் சம்பாதித்ததை
என் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள்.

கழற்றியபோது கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு,
நூல் பிடித்துக் கிழித்தாற்போல் நேராக.
உப்புப் பட்டு எரிந்தது.
படத்தில் கழுத்து விழவில்லை.
மார்பு விழுந்தது. சிரிப்பும்.

இரவல் சேலையை நம்பி
இடுப்புக் கந்தையை எறிகிறவள் அல்ல நான்.
பழைய உடுப்பு கார் டிக்கியில்தான் கிடந்தது,
முழங்காலில் சைக்கிள் டியூப் ஒட்டோடு.
ஞாயிறன்று, படமெடுக்க யாருமில்லாதபோது,
அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
யோக்கியமாகத் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

ஒட்டின் ஓரமாகக் குளிர் நுழைந்தது,
கதவு தட்டாமல் வரும் சொந்தக்காரனாய்.
கால்கள் இறங்கின.
ஏழு வருடம் இதிலேயே நீந்தியவள்
நூறாவது மீட்டரில் நின்று
புதியதை நினைத்து ஏங்கினேன்.
உடம்புக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது.
ஒருமுறை தூக்கிவிட்டால் போதும்,
பிறந்தபோதே கிடைத்தது என்று சாதிக்கும்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
சொந்தக் காசில் வாங்குவீர்களா?
விலை என் பதினோரு நாள் சம்பளம்.
ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.
மஞ்சள் விளக்கில் பேருந்தை நிறுத்தியதுபோல்
பேனாவை நடுவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

செவ்வாய், ஆஸ்பத்திரி நிறுத்தம்.
சட்டையெல்லாம் மாவு படிந்த ஒருவன் ஏறினான்,
ரொட்டிக்கடை இரவு வேலை போலும்.
"கடை ஜன்னலில் உங்கள் படம் பார்த்தேன்.
நிஜமாகவே தூக்குதா? காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்."
பின்னால் ஒரு குழந்தை வண்டி, ஊன்றுகோல், மழை.

"தூக்குது" என்றேன்.
கதவை மூடி, கியர் மாற்றி,
இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு
கண்ணாடியில் அவனைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்:
"கழுத்துக்கு வாஸலின் தடவு.
நிறையத் தடவு."