இடது கால்

இரவில் நான்கு முறை எண்ண வேண்டும்.
தோல் தெரிய வேண்டும், மூச்சு தெரிய வேண்டும்.
போர்வையை எண்ணாதே, ஆளை எண்ணு என்பது
பயிற்சியின் முதல் நாள் பாடம்.
டார்ச்சைக் கூரையில் அடித்து
சிந்தும் வெளிச்சத்தில் பார்ப்பது
பிறகு நானாகக் கற்றது.

சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி
அனுமதி கேட்காமல் முள்வேலி தாண்டி வரும்.
ஜனவரியில் எல்லோரும் தலைவரை இழுத்து மூடிக்கொள்வார்கள்.
கதவைத் தட்டி எழுப்பினால் வசவு.
தட்டாமல் போனால் என் வேலை போகும்.

பதினான்காம் அறை ஓடெல் ப்ரூயிட் மட்டும்
இடது காலை வெளியே நீட்டி வைத்திருப்பார்,
அந்தக் குளிரில், சாக்ஸ் இல்லாமல்.
பழக்கம் என்று நினைத்திருந்தேன்.
ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் சொன்னார்:
"உனக்காகத்தான், ஹைக்கினென்.
பார்த்துவிட்டுப் போய்விடு. என்னை எழுப்பாதே."

ஆறு குளிர்காலம் அந்தக் கால் எனக்கு ஓர் எண்.
பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.
கணுக்காலில் தையல் தழும்பு,
ஏதோ மர அறுவை மில்லில் பட்டதாம்.
முகத்தைவிட அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அறுபத்து நான்கு.
இரண்டரைக்கு அறுபத்து நான்கு.
"கணக்கு சரி" என்றான் ரெய்னோ
கட்டுப்பாட்டு அறையில், கொட்டாவிக்கு நடுவே.
ஐந்து மணிக்குக் கால் அங்கேயே இருந்தது.
விரல் மடங்கியிருந்த விதம்கூட மாறவில்லை.
அதன் பிறகுதான்
மூச்சைத் தேடினேன்.

பதினொன்றுக்கே போயிருக்கலாம் என்றார் டாக்டர்.
அவர் கையெழுத்துப் போடும்வரை
ஆள் கணக்கில்தான்; அதுவும் விதி.
ஆகவே ஐந்து மணிக்கும் அறுபத்து நான்கு.
விசாரணையில் கேட்டார்கள்,
மூச்சைப் பார்த்தாயா?
காலைப் பார்த்தேன் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

பதினான்கில் இப்போது வேறொருவன், சின்னப் பையன்.
தலையணைக்கு அடியில் தலையைப் புதைத்துத் தூங்குகிறான்.
போர்வை ஏறி இறங்கும்வரை
கதவருகே நிற்கிறேன்.
ஒருமுறை போதாது, மூன்று முறை.
ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது,
ரெய்னோ திட்டுகிறான்.

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.
ஆனால் என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும்
பதினைந்தில் ஓர் இருமல்.
பதினாறில் கட்டில் முனகுகிறது.
வரிசைக் கடைசியில், இருட்டுக்குள்ளிருந்து,
பாதித் தூக்கத்தில் எவனோ சொல்கிறான்:
"இருக்கேன், இருக்கேன். போ."