ஒரு புள்ளி குறைவு

பச்சை ஒளி பார்க்க வந்தவர்களின் பேருந்து
பாலத்தருகே நிற்கிறது.
வானம் திரைச்சீலையாய் அலைய, அவர்கள் ஆவென்று வாய் பிளக்க,
ராவ்த்னா ஜன்னலைச் சாத்துகிறாள்.
“நாசமாய்ப் போக. இன்றைக்கும் போச்சு.”

வானம் அழகாயிருக்கும் இரவில்
அவள் வானொலிக்குக் காது அடைத்துவிடும்.
ஒளி ஆடுகிற வழியாக அலை வந்தால்
பாதியிலேயே மூழ்கிப்போகும்.
அவளுக்கு வேண்டியது கறுப்பு வானம்,
எதுவும் நடக்காத வானம்,
புகைப்படத்தில் தேறாதது.

சூரியன் போய் மூன்று நாள் ஆகிறது.
வராங்கர் கரையில் இனி ஜனவரி பாதிவரை அது எழாது.
கோடையெல்லாம் வெயில் மேலே கட்டிவைத்த
அலை குடிக்கும் அடுக்கு
வாடகைக்கு ஆளில்லாத கொட்டகைபோலச் சரிந்துவிட்டது.
குள்ளப் பிர்ச் மரங்களின்மேல்
அறுநூறு மீட்டர் கம்பி, வடமேற்கு பார்த்து.
போன வாரம் ஒரு கலைமான் அதைக் கொம்பில் மாட்டிக்கொண்டு
கடற்கரைவரை போய்விட்டது.
பனியில் மண்டியிட்டு முடிச்சுப் போட்டாள்,
நண்டு ஆலை நாற்றம் போகாத விரல்களால்.

நெட்டலையின் அடிமட்டத்தில்
பேச்சில்லை, பாட்டில்லை.
ஓடுதளத்துக் கம்பங்கள்
தம் பெயரின் இரண்டெழுத்தைக்
கோடும் புள்ளியுமாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும்,
விமானம் வந்தாலும் வராவிட்டாலும்.

அதில் ஒன்று பாஃபின் தீவிலிருந்து.
நடுவே கிரீன்லாந்தின் பனி மொத்தமும்.
ஒன்பது குளிர்காலமாகக் கேட்கிறாள்.
பக்கத்து வீட்டுக்காரரின் இருமலைப்போல் அது பழக்கம்.
கோடு, அப்புறம் மூன்று புள்ளி. அது முதல் எழுத்து.

போன டிசம்பர், பின்னிரவு மூன்று இருபது.
கோடு, புள்ளி, புள்ளி.
காத்திருந்தாள்.
காதுக்கருவியைத் துடைத்தாள். மின்கலத்தை மாற்றினாள்.
மறுநாளும் அதற்கு மறுநாளும்
கோடு, புள்ளி, புள்ளி.
அந்த ஊர் வேறு ஊராகிவிட்டிருந்தது.

நம் எழுத்திலும் அப்படித்தான்:
தலைப்புள்ளி உதிர்ந்தால்
மெய் மெய்யாக இருப்பதில்லை.

பட்டியலில் முகவரி தேடி ஓர் அட்டை எழுதினாள்:
தேதி, நேரம், சத்தத்தின் அளவு,
“உங்கள் பெயரில் ஒரு புள்ளியைக் காணோம்.”

பதில் ஏப்ரலில் வந்தது.

“அம்மா,
அந்தக் கம்பம் எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடி.
நான் அதைக் காதால் கேட்டதேயில்லை.
விமானிகள் இப்போது செயற்கைக்கோளை நம்பி இறங்குகிறார்கள்.
உங்கள் அட்டையை மேலாளர் சுவரில் ஒட்டினார், எல்லோரும் சிரிக்க.
நானும் சிரித்தேன். பிறகு கொட்டகைக்குப் போனேன்.
கதவு உறைந்திருந்தது, கோடரி தேவைப்பட்டது.
பெயரை வைத்திருக்கும் மின்னட்டையில் ஒரு முனை கறுத்துக் கிடந்தது.
என் மகளின் அழிப்பானால் தேய்த்தேன்.
செப்டம்பரிலிருந்தே அப்படி இருந்திருக்கலாம்.
இங்கே யாரும் சொல்லவில்லை.
பவுலூசி.

பின்குறிப்பு: ஒரு பழைய வானொலி வாங்கிவிட்டேன்.
முந்நூறு அடியில் சத்தம் தாங்கவில்லை.”

அன்றிரவே கம்பியைச் செருகிப் பார்த்தாள்.
ஆனால் ஏப்ரலில் அங்கே இரவென்று பேருக்குத்தான்,
அடிவானத்தில் சாம்பல் நிறம் போகவேயில்லை.
இரைச்சல்.
மே, ஜூன், ஜூலை.
நள்ளிரவு வெயிலில் துணி காய்ந்தது.
சரிசெய்தேன் என்று ஒருவன் எழுதிய தாள்
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஏழு மாதம் நின்றது.

இன்றைக்கு நான்காம் இரவு.
பாலத்தருகே பயணிகள்
பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.
வழிகாட்டிப் பையன் மேலே கையைக் காட்டி ஏதோ சமாதானம் சொல்கிறான்.
மேலே ஒன்றுமில்லை.

ராவ்த்னா காபியை அடுப்பில் வைத்துவிட்டு
குமிழியை ஒரு மயிரிழை திருகுகிறாள்.

கோடு.
புள்ளி. புள்ளி.

காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.

புள்ளி.