அட்டையும் ஆளும்

சோறுதான் காரணம் என்றார்கள் முதலில்.
வெள்ளவத்தையில் நான் நிற்கும் பார்மசிக்குத்
தலையிடிக் குளிசை வாங்க வந்தவர்கள்கூட
எனக்கு மருந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.
கொள்ளு. வெந்தயம். வெறும்வயிற்றில் தேசிக்காய்.
கடற்கரை ரயில்பாதையோரம் ஒரு மணித்தியால நடை.
நடந்தேன்.
தூரப்போகப்போகத் தண்டவாளம் மெலிந்தது.
நான் மெலியவில்லை.

இரவுக்கு இரண்டு கிரக்கர், ஒரு பிளேன்ரீ,
சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொன்னேன்.
"எல்லாரும் இதைத்தான் சொல்லுறது" என்று
சிரித்தார் ஒரு டொக்டர்.
தைரொயிட் சரியாம். சீனி கூட. பிரஷரும் கூட.
எங்கள் பார்மசியிலேயே கழிவு விலைக்கு
இன்னும் இரண்டு குளிசை.

கையும் காலும் ஈர்க்கு, நடுவில் நான்.
பஸ் கம்பி தோளில் பட்டால் நாவற்பழ நிறம்.
குந்தினால் எழும்ப இன்னொருவர் கை வேண்டும்.
அடிவயிற்றில் ஊதா வரிகள்,
பிள்ளை பெறாதவளுக்கு.
யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.
தனித்தனியே ஒவ்வொன்றும் ஒரு வெட்கம்.
கூட்டினால் ஒரே வியாதி என்று
யார் கண்டது?

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் விஜேகோன்
என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை.
"கை ஊண்டாம எழும்புங்க" என்றார்.
முடியவில்லை.
"பழைய போட்டோ இருக்கா, யசோமதி?"
கைப்பையில் அடையாள அட்டை மட்டும்.
பதினாறு வயதில் எடுத்த முகம்.
அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

எனக்கு முதுகு விறைத்தது.
பாலத்தடிச் சோதனைச்சாவடி, டோர்ச் வெளிச்சம்,
அட்டையை ஒருக்கா, முகத்தை ஒருக்கா.
அன்றைக்கு இரண்டும் ஒன்றாய் இருந்தது,
அவர்கள் நம்பவில்லை.
இன்றைக்கு இரண்டும் வேறு.
இவர் நம்பினார்.

இரவு பதினொன்றுக்கு ஒரு சின்னக் குளிசை.
காலை எட்டுக்கு இரத்தம்.
ஒரு முழுநாள் சிறுநீர், ஐந்து லீற்றர் கேனில்.
அதைச் சேலைக்கடைப் பைக்குள் ஒளித்து
மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன்.
"அங்க சேல் போட்டிருக்கா?" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.
இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றேன்.

கோர்ட்டிசோலாம்.
இரவில் அடங்க வேண்டியது அடங்கவில்லையாம்.
ஆபத்து வந்தால் உடம்பு சுரப்பது என்று
அவர் விளக்கியதும் கேட்டேன்:
"அந்தக் காலத்துப் பயமா, டொக்டர்?"
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"இல்ல. வெறும் கட்டி.
மூளைக்குக் கீழ, பயறு அளவு."

கத்தி வைக்கப் புரட்டாதியில் திகதி.
மூக்குவழியாகப் போவார்களாம்.
பயம்தான், ஆனாலும்
அந்த 'வெறும்' எனக்குப் பிடித்திருந்தது.
யாரும் செய்தது அல்ல. நான் தின்றதும் அல்ல.

வாசலில் சோத்துப்பார்சல் ஒன்று வாங்கி
மதிலோரம் நின்றபடி சாப்பிட்டேன்.
பாதிதான்.
மிச்சத்தை மடிக்கும்போது பார்த்தேன்,
ஒருவரும் பார்க்கவில்லை.