பெஸ் மாசா

மத்தியானம், ஆய்வுகூடத்தின் பின்னறை.
மூன்று பேர் என் போனுக்கு மேல் குனிந்திருக்கிறார்கள்.
"பிராக் என்டாய், எங்க பிராக்?"
ஜெயரூபன் விரலால் தள்ளுகிறான், தள்ளுகிறான்.
சீஸ் பெட்டியின் பின்பக்கம்.
பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கம்.
சூப் பேணியின் அடி.
பொடி எழுத்து, தலையில் கொக்கி வைத்த எழுத்து,
கொக்கிக்கு மேல் என் பெருவிரல்.
அறுநூற்றுப் பன்னிரண்டு படம்.
கோட்டை ஒன்று இருக்கிறது, பொறு,
பொரித்த சீஸ் தட்டுக்குப் பின்னால்
மங்கலாக.

என்ன செய்ய.
இரத்த டியூப்களுக்கு லேபிள் ஒட்டிப் பத்தொன்பது வருசம்,
வாசிக்காத எதையும் என் கை தொடாது.
தம்பி ஸ்டுட்காட்டில் வேலைக்குப் போக
நான் தனியே பஸ் ஏறினேன், ஒன்பது நாள்.
பையில் மூன்று பக்கற் அவல்,
ஒரு போத்தல் ஊறுகாய், கொஞ்சம் திமிர்.
அவல் நாலாம் நாள் முடிந்தது.
திமிர் முதல்நாள் இரவே.

அந்தக் கடைக்காரனுக்கு என் இங்கிலீசு பிடிபடவில்லை.
பில் புத்தகத்தைத் திருப்பிப் பன்றி ஒன்று கீறினான்.
இல்லை என்றேன்.
மாடு. இல்லை. கோழி. இல்லை.
பிறகு ஒரு மீன் கீறினான்,
கண் வைத்து, செதில் வைத்து, ஆறுதலாக,
எங்கள் ஊர்ச் சந்தியில் சிமெந்தில் நிற்கிறதே, அது மாதிரி.
அதற்கும் இல்லை என்றதும்
எல்லாவற்றையும் ஒரே கோட்டால் வெட்டிவிட்டு
வாயால் சொன்னான்:
பெஸ் மாசா.
இறைச்சி இல்லாமல்.

மாசி இல்லாமல்!
நான் சிரிக்க அவனும் சிரித்தான், விசயம் தெரியாமல்.
கல்முனை பஸ் ஸ்டாண்டில், செங்கலடிச் சாப்பாட்டுக் கடையில்,
இந்த ஆஸ்பத்திரிக் கன்ரீனில்,
சொந்தச் சித்தியின் அடுப்படியில்
கேட்டுக் கேட்டு என் வாய் தேய்ந்த கேள்வி அதுதானே,
சம்பலுக்குள்ள மாசி போட்டதா?
"கொஞ்சம்தான் பிள்ள, வாசத்துக்கு."
வாசத்துக்கு!
ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் பறந்துபோய்
அதே சொல்லில் கால் தடுக்குகிறது.

அந்தச் சீட்டையும் படமெடுத்தேன். இதோ.

ஏன் மச்சம் விட்டாய் என்று
மெரீனா சிஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டாலும் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை.
கடல் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு
ஊரே மீனை விட்டது.
தை போய், மாசி போய், பங்குனியில்
ஊர் திரும்பவும் சந்தைக்குப் போனது.
நான் போகவில்லை. அவ்வளவுதான்.

"உன்ட முகம் ஒன்டிலயும் இல்லையேகா," றிப்கா.
இருக்கிறது. ஐந்நூற்று எண்பதோ என்னவோ.
நத்தாருக்கு இரண்டு நாள் முன்,
தெருவோரம் பெரிய நீலத் தொட்டிகள்,
உயிரோடு கெண்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக.
ரப்பர் ஏப்ரன் கட்டியவன் பலகையில் வெட்டிக்கொண்டிருந்தான்,
சனம் பொறுமையாக வரிசையில் நின்றது,
ஒரு சின்னப் பெடியன் மட்டும் ஏதோ பெயர் சொல்லி
ஒரு மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
அந்த நகரத்தில் நான் கண்ட,
லேபிள் இல்லாத ஒரே சாப்பாடு.
குனிந்து எடுத்தேன்:
தண்ணீரில் கம்பளித் தொப்பியோடு என் தலை.
நெற்றிக்குள்ளால் ஒரு கெண்டை போகிறது.

றிப்கா பெரிதாக்கிப் பார்க்கிறாள்.
"ஆடிப்போய்க் கிடக்கு, அழிச்சிரு," ஜெயரூபன்.
மெரீனா சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறா,
திரும்பப் போடுகிறா, ஒன்றும் சொல்லவில்லை.

மணி ஒன்று இருபது. வெளியே ட்ரேயில்
பதினாலு டியூப் காத்திருக்கிறது.
றிப்கா தன் பெட்டியை என் பக்கம் தள்ளுகிறாள்.
"மாசி போடல்லகா. உன்ன நினைச்சித்தான் அரைச்ச."
மூடியைத் திறக்கிறேன்.
பழக்கத்தில் ஒரு படம் எடுக்கிறேன்.
பெட்டியைத் திருப்பிப் பார்க்கவும் கை போகிறது,
அங்கே வாசிக்க ஒன்றுமில்லை.
அள்ளி வாயில் வைக்கிறேன்.
உப்புக் கூட.