கதவுக்கு இந்தப் பக்கம்

தம்பி கோலாலம்பூர் போகும்போது
சார்ஜர் வயரைச் சுற்றி
பீரோ மேல் வைத்துவிட்டுப் போன
அந்தச் சின்ன விளையாட்டுப் பெட்டிக்குள்
ஒரு கல்கதவு இருக்கிறது.
கதவுக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் நிற்கிறார்கள்.
பதினோரு மாதமாக.

எழுத்தெல்லாம் ஜப்பான்.
அதனால்தான் மலிவாகக் கிடைத்ததாம்.
வடிவத்தைப் பிடித்துப் படிக்கிறேன்:
முக்காலி சாய்ந்தது போல் இருந்தால் அடி,
கூரைக்குள் ஒருவன் ஒதுங்கினால் தடு,
தலையில் புல் முளைத்த வீடு
மருந்து.

பெயர்கள் மட்டும் இங்கிலீஷில், அவன் வைத்தவை.
வாள் அவன். ஈட்டி, சேக்காளி மிஸ்பா.
வில், எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்,
ஏனென்று தெரியவில்லை.
கடைசியில் வெள்ளை அங்கி, கையில் தடி,
ஜொகரா.
நான்தான்.
மற்றவர்கள் நாற்பதாம் படியில் நிற்க
நான் இருபத்திரண்டில்.
ஒரு சண்டைக்கும் என்னை அனுப்பவில்லை, படுபாவி.

உள்ளே இருப்பது ஆமை.
நெல் குடோன் அளவு. கழுத்தில் வெண்கல மணி.
"பாஸ்க்கா, பாஸை அடிக்கணும்" என்பான்.
கூத்தாநல்லூர் ரைஸ்மில்லில் பில் போடும் எனக்கு
பாஸ் என்றால் சட்டைப்பையில் பேனா கசியும் வதூது மாமா.
அவரை எதற்கு அடிக்க,
ஐந்தாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது.

முதல் இரவு மூன்றே அடி.
நால்வரும் குப்புற.
இரண்டாம் இரவும்.
ஒன்பதாம் இரவு லெட்சுமாங்குடிவரை கரண்ட் போனது.
தெருவில் ஆமை மட்டும் ஒளிர்ந்தது,
நான்கு சதவீதத்தில்.

பிறகு கதவை விட்டுத் திரும்பி நடந்தேன்.
சதுப்பில் தவளை.
தவளை, தவளை, தவளை.
லாரி தாமதமாகும் மத்தியானங்களில்
குறுவை நெல்தூசி திரையில் படிய
ஊதி ஊதித் தவளை.
பத்துக் காசுக்குச் சத்திரத்தில் தூங்கி எழுந்து
மறுபடி தவளை.
படி ஏறும்போதெல்லாம் பெட்டி ஒரு துண்டு ராகம் ஊதும்.
மூட்டை தூக்கும் சேதுபதி அண்ணன்
"ஏறிட்டியாம்மா?" என்பார்.
இருபத்தேழுண்ணே.
முப்பத்து மூணுண்ணே.

பையைத் துழாவியபோதுதான் பார்த்தேன்
பொன்குப்பி தொண்ணூற்றொன்பது.
ஒன்றைக்கூட அவன் திறக்கவில்லை.
பெருநாள் தம்ரூட்டைப் பத்திரப்படுத்தி
எறும்புக்குக் கொடுத்தவன்.
நான் திறந்தேன்.
ஒரே ராத்திரியில் பதினேழு.

மணி ஆடினால் ஆமை மூச்சிழுக்கிறது.
மூச்சிழுத்தால் அடுத்தது இடி.
அப்போது யாரும் வாளைத் தொடக்கூடாது.
முப்பத்தோரு தடவை செத்துக் கற்றது
இவ்வளவுதான்.

கடைசியில் வாள் விழுந்தது.
மிஸ்பா விழுந்தான்.
கணக்கு வாத்தியார் மெதுவாக உட்கார்ந்து, விழுந்தார்.
வெள்ளை அங்கி மட்டும்.
தடியால் அடித்தால் அதற்குக் கொசுக்கடி.
அடிக்கவில்லை.
வாத்தியார் எப்போதோ அம்பில் தோய்த்த நஞ்சு
ஓட்டுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது,
சுற்றுக்கு எட்டு, சுற்றுக்கு எட்டு.
நான் கூரைக்குள் ஒதுங்கி நின்றேன்.
இடி. நின்றேன்.
எட்டு.

மணி தரையில் உருண்ட சத்தத்துக்கு
பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது.

சேமிக்கவா என்று கேட்டது. அந்த வடிவமும் தெரியும்.
முதல் அறையில் அவன் தேதி.
அதன்மேல் எழுத விரல் போகவில்லை.
இரண்டாம் அறையில் வைத்தேன்.

மறுநாள் போனில் சொல்லவில்லை.
"அங்க மழையாக்கா?"
வெண்ணாறு கரையைத் தொட்டு ஓடுது என்றேன்.
அவன் வந்து தோற்க வேண்டிய கதவு
அப்படியே இருக்கிறது,
மூடிய குப்பிகள் தொண்ணூற்றொன்பதும்,
இருபத்திரண்டாம் படியில் நானும்.