ஒன்பது மில்லிமீட்டர்

கோப்பில் இன்னும் பெயரில்லை.
'ரான்வாவின் மகள். மூன்று நாள். மூன்று கிலோ நூறு.'
தூர்ஸ்ஹவுனிலிருந்து வந்தவள்.
மூடுபனி இரண்டு முறை திருப்பி அனுப்பிய விமானம்,
மூன்றாம் முறை கிளம்பியபோது
தகப்பனுக்கு அதில் இடமில்லை.

கோபன்ஹேகனில் காலை ஏழரை.
ஊல்லா ஈய அங்கியை மாட்டிக்கொள்கிறாள்.
இருபத்திரண்டு வருடமாக இந்த அறையில் அவள் வேலை
பலூன் ஊதுவது.
அவள் மகன் ஆறு வயதில் பள்ளியில்
அம்மாவுக்குக் கேளிக்கைப் பூங்காவில் உத்தியோகம்
என்று சொல்லிவிட்டு வந்தான்.
அவள் திருத்தவில்லை.

தொடையில் எறும்பு கடித்த அளவு ஒரு துளை.
அதன் வழியே மயிரிழைக் கம்பி
ஈரலைத் தொட்டும் தொடாமலும் மேலேறி
வலது மேலறை, கீழறை,
அப்புறம் கதவு.
கதவென்று சொல்வது பழக்கதோஷம்.
மூன்று இதழ்களும் ஒட்டியபடியே பிறந்திருந்தன.
நடுவில் ஊசிக்காது.

டாக்டர் தோர்கில் கம்பியைத் திருப்புகிறார்.
அது வழுக்கி விழுகிறது.
திருப்புகிறார்.
விழுகிறது.
ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.
அவர் பேசாதபோதுதான் அறைக்குப் பயம்.
பதினோராவது தடவை
இதயம் தானே வாய் திறந்ததுபோல
கம்பி உள்ளே போனது.
"ம்" என்றார்.

எட்டு மில்லிமீட்டர் பலூன்.
ஊல்லா கைப்பிடியைத் திருகுகிறாள்.
திரையில் அது உடுக்கையாகிறது:
இருபுறமும் பருத்து, நடுவில் ஒடுங்கி.
அந்த ஒடுக்கத்துக்கு அவர்கள் மொழியிலும்
இடை என்றுதான் பெயர்.
இல்லாத இடையை ஆயிரம் வருடம் பாடிய மொழியில்
இதை எழுதுகிறேன்.
இங்கேயும் வேண்டியது
இடை இல்லாமல் போவதுதான்.

பலூன் விரிந்திருக்கும்வரை ரத்தத்துக்கு வழி கிடையாது.
இருந்த ஊசிக்காதும் அடைபடும்.
திறப்பதற்காக முழுசாய்ச் சாத்துவது.
ரத்த அழுத்தக் கோடு தாழ்கிறது,
முப்பத்தெட்டு, முப்பது, இருபத்தொன்று,
மயக்க மருந்து டாக்டர் எண்களை உரக்கப் படிக்கிறார்.
எட்டு வினாடி.
சுருக்கு.

இடை போகவில்லை.

கோடு மெல்ல எழும்வரை நின்றார்கள்.
"ஒன்பது கொடு."
ஊல்லாவுக்கு ஒன்பதின் மேல் அவ்வளவு நம்பிக்கையில்லை,
வால்வின் வளையமே ஏழுதான்.
கொடுத்தாள்.
திருகினாள்.
இடை இருந்தது.
இருந்தது.
அப்புறம் இல்லை.

சத்தம் எதுவும் வரவில்லை.
கிழிந்ததற்குச் சாட்சி ஓர் எண் மட்டும்:
தொண்ணூற்றாறாக இருந்தது முப்பத்து நாலு.

நீலம் உடனே போய்விடாது.
சினிமாவில் போகும்.
இங்கே நாளையும் மறுநாளும்
சொட்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து
உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே ரான்வா,
தையல் காயாத உடம்போடு
தலையணை மேல் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.
பால் கட்டி, சட்டை முன்புறம் நனைந்திருக்கிறது.
தோர்கில் குனிந்து சொல்கிறார்:
திறந்துவிட்டது. ஆனால் இனி கொஞ்சம் கசியும்.
வளர்ந்தபின் ஒருவேளை மறுபடியும் வரவேண்டியிருக்கும்.
"எவ்வளவு கசியும்?"
"தாங்குகிற அளவு."
"எங்கள் ஊரில் கசியாத படகு கிடையாது" என்றாள்.
அவர் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அழ ஆரம்பித்தாள்.

மத்தியானம் போனில் எய்யுன்.
சால்மன் பண்ணையில் தீவனப் படகு ஓட்டுகிறவன்,
கரையில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை மேல் நிற்கிறான்.
அழுத்தம், எண்கள், கசிவு,
எதுவும் அவனுக்கு ஏறவில்லை.
ஒன்றே ஒன்று கேட்டான்:
ரத்தம் நின்றது எவ்வளவு நேரம்?
"எட்டு வினாடி. இரண்டு தடவை."
பதிலில்லை.
காற்று மட்டும் இரைந்தது.
பிறகு காற்றுக்குள் அவன் குரல், தனக்குத்தானே,
ஒன்று, இரண்டு, மூன்று,
அவள் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
நாலு,
ஐந்து.

ஆறில் நிறுத்திவிட்டான்.